என் வகுப்பில் என் மகள்

என் மகள் என்னுடைய வகுப்புக்கே மாணவியாக வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. அந்த வருடம் தரம் ஐந்தில் இரண்டு பிரிவுகள் இருந்திருக்க வேண்டும். மற்றப் பிரிவை எடுக்கவிருந்த டீச்சர் பிரசவ விடுமுறையில் போய்விட, அதிபர் இரண்டையும் ஒன்றாக்கி என்னிடம் தந்துவிட்டார். தந்த பிறகுதான் நினைவு வந்தவர்போல, "உங்கட மகளும் அதுக்குள்ள வாறா டீச்சர், பிரச்சின இல்லயே?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் இடியப்பம் பிழிவது, சம்பல் அரைப்பது, கணவருக்குச் சோறு கட்டுவது, பிள்ளைக்குத் தலை பின்னுவது என்று ஓடி, பாடசாலையில் மணி அடிக்கும்போது மூச்சு வாங்க நிற்பவள் நான். பின்னேரம் அவள் குர்ஆன் மதரசாவுக்குப் போய்விடுவாள். நான் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் வாசலில் கண்டுகொள்வதுபோலத்தான் எங்கள் கிழமைகள் போயின. இனி நாள் முழுக்கப் பிள்ளை என் கண் முன்னால் இருப்பாள் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை ஸ்கூட்டியில் போகும்போது அவளுக்கு ஒரு விதி சொன்னேன். பாடசாலை வாசலைத் தாண்டினால் நான் உம்மா இல்லை, டீச்சர். மற்றப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படித்தான் கூப்பிட வேண்டும். பின்னால் இருந்து அவள் சிரித்தாள். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்தமருதுப் பிரதான வீதி முழுக்க, "டீச்சர், டீச்சர்" என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குரலில் சொல்லிப் பார்த்தாள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் திரும்பிப் பார்த்ததும் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். சொன்ன விதி தப்பானது என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. எங்கள் பாடசாலையில் சொந்தப் பிள்ளையைப் படிப்பித்த எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

அதுவரைக்கும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருந்தது. சனிக்கிழமை உடுப்புக் கழுவுவதிலும் வீடு கூட்டுவதிலும் கலியாண வீடு, மௌத்து வீடு என்று போய்வருவதிலும் கழிந்துவிடும். ஞாயிறு மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அம்பாறையில் ஒரு கந்தோரில் வேலை செய்யும் என் கணவர் கிழமையில் ஐந்து நாளும் போகிற பாதைதான் அது. ஆனாலும் ஞாயிறன்று அதே பாதையில் மோட்டார் சைக்கிளில் எங்களை ஏற்றிக்கொண்டு போவதில் அவருக்கு அலுப்பே வராது. காரைதீவுச் சந்தியில் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் வெக்கை குறைந்துவிடும். வீரமுனையில் கோயில் முன்னால் பூ விற்கும் பெண்ணிடம் சில நாட்களில் வெள்ளரிப் பிஞ்சு இருக்கும், வாங்கிக்கொள்வோம். அதற்கப்பால் இரண்டு பக்கமும் வயல். மழை ஓய்ந்தபின் விதைக்கும் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட காலமென்றால் வாய்க்கால் முட்ட ஓடும். எங்களைப்போல வேறு குடும்பங்களும் வந்திருக்கும். பெண்கள் குளிக்கும் பக்கம், ஆண்கள் குளிக்கும் பக்கம் என்று யாரும் எழுதி வைக்காமலே ஒரு பிரிப்பு இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிப்பும் கிடையாது. மேலும் கீழும் அவர்களுடைய இராச்சியம்தான்.

மகள் நீந்தப் பழகியது அந்த வாய்க்காலில்தான். வாழைக்குற்றியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டு போவாள். கணவர் கழுத்தளவு தண்ணீரில் அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துபோவார். ஒரு நாள் குற்றி கையை விட்டு நழுவிப் போய்விட்டது. அவள் அதைக் கவனிக்காமலே வாப்பாவின் கை வரைக்கும் நீந்திப் போனாள். குற்றி எங்கேயோ போய்க்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் பயந்து கத்தினாள். அடுத்த வருடம் மதகுக் கட்டில் ஏறி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். குதிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நான் கரையில் பாவாடையைச் சற்றுத் தூக்கிக் காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருப்பேன். கணவரின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, எனக்கு மதினி, தையல் வேலை செய்கிறவர். அவரும் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு சில ஞாயிறுகளில் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்துகொள்வார். சோற்றுப் பார்சலைப் பிரித்தால் வாழையிலையோடு வெந்த மீன் பொரியலின் வாசம் வரும். பிள்ளைகள் விரல்கள் ஊறிச் சுருங்கிய கையோடு நடுங்கிக்கொண்டே சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது மகள் எனக்கும் கணவருக்கும் நடுவில் இருந்தபடியே நித்திரையாகிவிடுவாள். ஈரத் தலையின் குளிர் என் நெஞ்சில் படும்.

தரம் ஐந்து என்றால் எங்கள் பக்கத்தில் அது பிள்ளைகளின் வகுப்பு இல்லை, பெற்றோரின் வகுப்பு. பெரிய பாடசாலைக்கு வழிவிடும் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை படிக்கிறதோ இல்லையோ, உம்மாமார் படிப்பார்கள். தை மாதம் முடிவதற்குள்ளேயே சனிக்கிழமை வகுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். வைத்தேன். அடுத்த ஊர்ப் பாடசாலையில் ஞாயிறும் நடக்கிறதாம் என்று கொஞ்ச நாளில் ஒரு கதை வந்தது. பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அதிபர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பிரிவுப் பிள்ளைகள் ஒன்றாக நெருங்கியிருந்த வகுப்பு. கிழமை நாட்களில் பின்வாங்கில், கடைசி வரிசையில், இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரவே நேரம் கிடைப்பதில்லை. மீன்பிடிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வீட்டில் சொல்லிக்கொடுக்க யாருமில்லாத பிள்ளைகள் அந்தப் பின்வாங்கில் இருந்தார்கள். சரி, பரீட்சை வரைக்கும் ஞாயிறு காலையும் வருகிறேன் என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது கணவர் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப புள்ள?"

"அவளும் வருவாதானே. டீச்சர்ட மகள் வராம மற்றப் புள்ளயள வரச் சொல்லேலுமா?"

அவர் பிளேன்டீயை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். மகள் பக்கத்தில்தான் நின்றாள். வகுப்பு முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்காலுக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். முதல் ஞாயிறு போனோம். வெயில் உச்சியில் நின்றது. நான் கரையில் மரநிழலில் தலையணை இல்லாமலே தூங்கிவிட்டேன். அவள் குதிப்பதைக் காட்டக் கூப்பிட்டாளோ என்னவோ எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு எனக்குத் தலையிடி. அதற்கடுத்த ஞாயிறு மாதிரி வினாத்தாள்கள் திருத்தக் கிடந்தன. பிறகு கேட்பதை அவள் விட்டுவிட்டாள். கணவர் மட்டும் சில ஞாயிறுகளில் மதினியின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். அவர்கள் ஈரத் துவாயோடு எங்கள் வாசலில் இறங்கும்போது மகள் மேசையில் இருந்தபடி எட்டிப் பார்ப்பாள்.

வகுப்பில் அவள் நல்ல பிள்ளை. கேள்வி கேட்டால் முதலில் உயரும் கைகளில் ஒன்று அவளுடையதாக இருக்கும். தொடக்கத்தில் மற்றப் பிள்ளைகளைக் கேட்பதுபோல அவளையும் கேட்டேன். ஒரு நாள் வாசலில் நின்ற இரண்டு உம்மாமார் கதைத்தது காதில் விழுந்தது. டீச்சர் வீட்டில் முதல் நாளே மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வகுப்பில் கேட்கிறாராம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பயத்தில் வரும் கதை அது. ஆனாலும் அதன்பிறகு அவளுடைய கை உயர்ந்தால் என் கண் தானாக வேறு பக்கம் போயிற்று. கொஞ்ச நாள் அவள் கையை உயர்த்தி வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்கையை மேசையில் ஊன்றி விரலை மட்டும் உயர்த்தினாள். பிறகு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பொன்றில் நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் மறக்க மாட்டாமல் இருக்கிறேன். பங்குனி வெயில். மண்டபத்தில் ஒரு மின்விசிறிதான், அதுவும் எங்கள் மூலைக்கு எட்டாது. பிள்ளைகள் மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். மகள் எழும்பி என் மேசைக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில், அதே தூரத்தில் நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஏலாம இரிக்கி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முகம் வாடியிருந்தது. காலையில் இடியப்பத்தைச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து இருங்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று சொன்னேன். அவள் போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். வந்து தன் இடத்தில் இருந்தாள். எழுதினாள்.

வேறொரு பிள்ளை அப்படி வந்து நின்றிருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். உடனே உம்மாவுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். இந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு யாரிடம் சொல்லி அனுப்புவது என்று யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட.

வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒரு உம்மா, அவளுடைய தோளில் கை வைத்தவர் அப்படியே கையை எடுத்துவிட்டார். "டீச்சர், புள்ளக்கி மேல் நெருப்பாச் சுடுது. பாக்கலயா நீங்க?"

ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் வைக்கப் பயந்து முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வந்தேன். அவளுடைய சூடு என் கை வழியாகத் தெரிந்தது. கணவர் வீட்டில் இல்லை, மதினியின் பிள்ளைகளோடு வாய்க்காலுக்குப் போயிருந்தார். டொக்டர் இரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். டெங்கு பரவியிருந்த காலம். அல்ஹம்துலில்லாஹ், அது இல்லை. ஆனால் காய்ச்சல் விட்டபாடில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், தோடம்பழம் பிழிந்து கொடுத்தேன், நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். அந்த வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் சேர்ந்திருந்தது அந்த நாட்களில்தான். ஒரு பின்னேரம், கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "டீச்சர், மற்றப் புள்ளயளுக்கு அந்தப் பேப்பர் திருத்திக் குடுத்தாச்சா?"

கணவர் கதவடியில் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். காய்ச்சலில் வாய் குழறுகிறது என்று நினைத்தோம். சுகமான பிறகும் இடைக்கிடை அது வந்தது. சோறு போட்டால் "போதும் டீச்சர்", குளிக்கச் சொன்னால் "சரி டீச்சர்". சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். கணவர் அதை ஒரு பகிடியாக்கினார். தானும் என்னை "டீச்சர், தேத்தண்ணி ஊத்தேலுமா?" என்று கேட்பார். கொஞ்ச நாள் வீடே அதைச் சொல்லிச் சிரித்தது. பிறகு பகிடி ஓய்ந்துவிட்டது, அவள் நாக்கைக் கடிப்பதும் நின்றுவிட்டது, சொல் மட்டும் இடைக்கிடை வந்துகொண்டிருந்தது.

பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள். வெட்டுப்புள்ளிக்கு நல்ல மேலே. பின்வாங்குப் பிள்ளைகளிலும் சிலர் சித்தியடைந்தார்கள். அவர்களுடைய வாப்பாமார் பாரை மீனும் சூரையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் அவர்களில் யாராவது தவறியிருக்கலாம். அதனால்தான் இந்தக் கதையை யாரிடமும் சொல்லி அழ எனக்கு வாய் வருவதில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். இனிப்புக்குத் தொதல் வந்தது, மஸ்கட் வந்தது. வந்த எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். டீச்சரின் மகள்தானே, சித்தியடையாமல் என்ன செய்வா. மகள் தட்டை ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தாள், அந்தச் சொல்லை ஒவ்வொருவர் வாயிலும் கேட்டாள். அவளுக்கென்று வீட்டில் நான் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு நேரம் ஏது. மேசையில் தனியே இருந்து தானே படித்த பிள்ளை அவள். அதை ஒருவரிடமாவது நான் சொல்லியிருக்கலாம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதில் இருந்துவிட்டேன்.

பரீட்சை முடிந்தால் ஞாயிறுகள் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தேன். வரும் என்றுதான் நானும் நம்பினேன். மாரி தொடங்கியது. வாய்க்கால் கலங்கி, கரையை மேவி ஓடியது. அந்த மாதங்களில் அங்கே யாரும் இறங்குவதில்லை. தண்ணீர் வடியட்டும், அடுத்த சிறுபோகத்துக்குப் போகலாம் என்றார் கணவர். தை பிறந்ததும் மகள் கல்முனையிலுள்ள பெரிய பாடசாலைக்கு மாறிப் போனாள். எனக்கு அதிபர் மறுபடியும் தரம் ஐந்தையே தந்தார். போன வருடத்துப் பெறுபேற்றைப் பார்த்திருந்த பெற்றோர், சனி ஞாயிறு வகுப்பைக் கேட்கவேயில்லை. நடக்கும் என்றே நினைத்து முதல் கிழமையே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். வந்து நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னாலேயே மகள் பெரியபிள்ளையானாள். மதினி வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்தார், பாலும் சோறும் கொடுத்தார், வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் போன பிறகு, பின்வளவில் உடுப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. இனி அவள் வாய்க்காலில் இறங்க மாட்டாள். மதகில் ஏறி நின்று, ஆண்களும் குளிக்கிற இடத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்க மாட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை, அவளே அந்தக் கதையை எடுக்கவில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்த கடைசிச் சிறுபோகம் போன வருடத்துச் சிறுபோகம்தான். அது வினாத்தாள்களோடு முடிந்துபோனது. இது கடைசி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கணக்குப் பார்த்திருக்கலாம். பிள்ளைகளின் வயதைப் பற்றிப் படித்துப் பட்டம் எடுத்தவள் நான்.

அந்த வருடம் ஞாயிறு பின்னேரங்களில் அவள் மாமியோடு, அதாவது என் மதினியோடு, கடற்கரைக்குப் போகத் தொடங்கினாள். மதினியின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துச் சிறுமிகளும் சேர்ந்து ஒரு கூட்டம். அஸர் தொழுகைக்குப் பிறகு போனால் பொழுதுபடும் மஃரிபுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். நான் அந்த நேரத்தில் கிழமைக்குரிய பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். அல்லது சமைத்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு வகுப்பைக் கெதியாக முடித்து, வேலைகளையும் முடித்துவிட்டு, நானும் போவோம் என்று கிளம்பினேன். சொல்லாமல் போய்ச் சந்தோஷப்படுத்த நினைத்தேன். வழியில் இறால் வடை வாங்கிக்கொண்டேன்.

கடற்கரையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். தோணிகளுக்கு அப்பால் மதினி மணலில் இருந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் ஐந்தாறு பேர் கைகோத்து வரிசையாக, உடுப்பு முழங்கால் வரை நனைய, அலை வரும்போது பின்னால் ஓடுவதும் அலை திரும்பும்போது துரத்திப்போவதுமாக இருந்தார்கள். நடுவில் என் மகள். அவள்தான் கட்டளையிடுகிறாள், எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று. அலை முந்திக்கொண்டு எல்லோருடைய காலையும் பிடித்துவிட்டது. அவள் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது. நான் வடைப் பொட்டலத்தோடு மணலில் கால் புதையப் புதைய நடந்தேன். அவள் நிமிர்ந்தாள், என்னைக் கண்டாள். மற்றப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் வாறா."

பகிடியாகச் சொல்லவில்லை. வகுப்பறை வாசலில் நின்று காவல் பார்க்கும் பிள்ளை உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லும் குரல் அது. பிடித்திருந்த கைகள் விடுபட்டன. மதினியின் சின்ன மகள் அந்த வருடம் என் வகுப்பில் படித்தாள். அவள் அவசரமாக நழுவிய முக்காட்டைச் சரிசெய்து, ஈர உடுப்பைப் பிழிந்துவிட்டு நேராக நின்றாள். இரண்டு சிறுமிகள் ஸலாம் சொன்னார்கள்.

மதினி சத்தமாகச் சிரித்துவிட்டார். "ஒங்கட மகளே சொல்றாவே, பாருங்களேன்" என்றார். நானும் சிரித்தேன். பிள்ளைகளுக்கு வடையைப் பிரித்துக் கொடுத்தேன். எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். நான் ஏதாவது கேட்டால் பதில் சொன்னார்கள். கேட்காவிட்டால் கடலைப் பார்த்தார்கள். விளையாடுங்கள் என்று சொன்னேன். ஓம் என்றார்கள், எழும்பவில்லை. கொஞ்ச நேரம் மதினியோடு கதைத்துவிட்டு, இரவுச் சமையல் கிடக்கிறது என்று பொய் சொல்லி எழும்பி வந்தேன். வீதிக்கு ஏறுவதற்குள் பின்னால் மறுபடியும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் கதவைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். பிறகு, "புள்ள உன்ன வெறுக்கல்ல. மரியாத கூடிப் போயித்து" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இரண்டு நாள் கழித்து, மகளுடைய தலையைப் பின்னிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடற்கரையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எப்பிடி?"

"டீச்சர் வாறா எண்டு."

அவளுக்கு முதலில் விளங்கவேயில்லை. பிறகு யோசித்தாள். "அவளுகள் ஒங்களுக்குப் பயம் உம்மா. நான் சொல்லாட்டி ஏச்சுப்படுவாளுகள்."

"நீயும் பயமா?"

"முந்தி" என்றாள். விரலில் ரிப்பனைச் சுற்றிக்கொண்டு, "இப்ப இல்ல" என்றாள். பின்னலின் முனைக்கு ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள். நான் கட்டிவிட்டேன்.

அந்த வருட முடிவில் ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டேன். அதிபருக்கு விருப்பமில்லை. சில பெற்றோர் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். கடைசியில் புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு பிள்ளை, இளம் டீச்சர், தான் எடுப்பதாக முன்வந்தார். அவர் நன்றாகவே எடுத்தார்.

ஞாயிறு கையில் வந்தது. மாரி முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த முதல் ஞாயிறே மூன்று பேரும் வாய்க்காலுக்குப் போனோம். மகள் மறுக்கவில்லை. வாசிக்க ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டாள். நானும் அவளும் கரையில் இருந்தோம். கணவர் தனியே இறங்கிக் குளித்தார். மதகில் வேறு யாருடையவோ பிள்ளைகள் ஏறி ஏறிக் குதித்தார்கள். மகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் குளிர்ந்து கிடக்குமா என்று கேட்டாள். காலை விட்டுப் பார் என்றேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் புத்தகத்தை எடுத்தாள். அவளுக்குக் கோபமோ கவலையோ இருந்ததாகத் தெரியவில்லை. பொழுதுபடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாமா, கணக்கு வகுப்புக்குப் படிக்க இருக்கிறது என்றாள். அதன்பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. கணவருக்கும் தனியே இறங்கிக் குளிப்பதில் விருப்பம் போய்விட்டது.

இப்போது அவள் பதினோராம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஞாயிறன்று காலையில் கணக்கு, பகல் விஞ்ஞானம், எல்லாம் கல்முனையில். நான் கொண்டுபோய் விட்டு, முடியும் நேரத்துக்குப் போய் நிற்பேன். ஒழுங்கையில் ஸ்கூட்டிகளும் ஆட்டோக்களும் வரிசையாக நிற்கும். அங்கேயும் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தங்கள் சின்னப் பிள்ளை என் வகுப்பில் எப்படிப் படிக்கிறது என்று கேட்பார்கள். நிழலில் நின்று பதில் சொல்வேன்.

போன ஞாயிறு அவள் பசியோடு வந்தாள். வீட்டில் சோறு இருக்கிறது, ஆனாலும் கொத்து ரொட்டி வாங்கித் தரச் சொன்னாள். கடையில் தகட்டில் கொத்தும் சத்தத்துக்கு மேலாக, தன் விஞ்ஞான டீச்சரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நின்றாள். எதைக் கேட்டாலும் ஏச மாட்டாவாம். பிழையான விடை சொன்னாலும் அதிலே சரியான துண்டு எது என்று எடுத்துக் காட்டுவாவாம். தன்னைத்தான் முன்னால் கூப்பிட்டுப் படம் கீறச் சொன்னாவாம். "நான் கைய ஒசத்தல்ல உம்மா, அவவாப் பாத்துக் கூப்புட்டா" என்றாள்.

நல்ல டீச்சர்தான் என்றேன். பார்சலை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். வீடு வரும்வரை அந்த டீச்சரைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். நான் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.